கோட்ஸ் நடக்குது

பழைய நீதிமன்றத்துக்கு முன்னால் இப்போது ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். போன கிழமை மனுரேவாவுக்கு வேலைக்குப் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றேன். அப்போதுதான் கண்டேன். திரும்பி வரும்போது காரை நிறுத்தி இறங்கி வாசித்தேன். யார் கட்டினது, என்ன மரம், எந்த நீதவான் முதலில் இருந்தது, எப்போது பூட்டினது, எல்லாம் இருக்கிறது. நாங்கள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பலகை சின்னது.

என்னோடு சின்ன வயதில் ஆக்லாந்துக்கு வந்தவர்களே, இது உங்களுக்குத்தான். உங்களுக்கும் இப்போது முழங்கால் நோகும். கண்ணாடி இல்லாமல் மருந்துப் போத்தலை வாசிக்க ஏலாது. ஆனால் அந்தக் கட்டடத்தின் மணம் மறந்திருக்காது என்று நினைக்கிறேன். ஈரக் கம்பளி, பழைய கடதாசி, அதற்கு மேல் எங்கள் கற்பூரம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பெட்டி கட்டுகிற வேலைதான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாங்கள் பூசை செய்தது மவுண்ட் வெல்லிங்டனில், ஒருவருடைய கார் கராஜில். சாம்பிராணிப் புகையைக் கண்டு பக்கத்து வீட்டார் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் தொப்பியோடு நின்று சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வேறு இடம் தேடவேண்டி வந்தது.

தேடிக் கண்டுபிடித்தது கிளாக்கர் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவின் கூட்டாளி. யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவர். இங்கே வந்து ஒடாஹுஹுப் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கழுவினார். அவர் சைவம். அந்த வேலையைப் பற்றி யாரும் அவரிடம் கதைப்பதில்லை. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது இந்தக் கட்டடத்தைக் கண்டு இடையில் இறங்கிவிட்டார். அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். சப்பாத்துக் கூடக் கழற்றவில்லை.

“ஐசே, கோட்ஸ் ஒண்டு சும்மா கிடக்குது!” நீதிமன்றத்தை ஊரில் கோட்ஸ் என்றுதான் சொல்வோம்.

அப்பா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. “எங்கை?” என்று மட்டும் கேட்டார்.

“மனுரேவாவுக்குப் போற ரோட்டில. வழக்கெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிட்டுதாம். நகரசபை வாடகைக்கு விடுதாம். கூண்டு கீண்டு எல்லாம் அப்பிடியே கிடக்கு. ஐசே, நீதவானின்ரை கதிரை கூடக் கிடக்கு!”

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் அங்கே போயின. காலையில் தமிழ் வகுப்பு, மத்தியானம் பூசை, பிறகு சாப்பாடு.

கட்டடத்துக்கு ஒரு சாவி அம்மா இருந்தா. அடுத்த ரோட்டில் குடியிருந்த வெள்ளைக்காரக் கிழவி. கழுத்தில் நூல் கட்டிச் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பா. யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவா. அவ சொல்வதைப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அதனால்தான் இவ்வளவு தெரியும்.

இந்தப் பக்கத்து ஊர்கள் முந்தி ஆக்லாந்தோடு சேராமல் ஒரு தனிக் கவுண்டியாக, மாவட்டம் மாதிரி, இருந்தனவாம். மாடும் சேறும் புல்லும். அந்தக் கவுண்டிக்கு ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. கல்லால் கட்ட ஆசை. கையில் இருந்தது மரம். அதனால் பலகையைக் கற்கட்டுப் போலக் கோடு வெட்டி, பெயின்ற்றுக்குள் மணல் கலந்து பூசிவிட்டார்கள். தூர நின்று பார்த்தால் கருங்கல். கிட்டப் போய்த் தட்டினால் பெட்டிச் சத்தம். நாங்கள் எல்லாரும் தட்டிப் பார்த்தோம். அப்பாவும் தட்டினார். பிறகு விரலில் ஒட்டின மணலை உரஞ்சிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது கௌரி என்கிற இந்த நாட்டு மரம் என்று நான் சொன்னேன். அம்மா உடனே கையெடுத்துக் கும்பிட்டா.

“மரத்துக்கு அம்மன்ரை பேர் வைச்சிருக்கினம், நல்ல சனம்தான்.”

முன்னால் இரண்டு பெரிய தூண். அதுவும் மரம், உள்ளே வெறும் கோறை. வாசலில் அகலமான மரப்படி. உள்ளே போனால் ஒரே பெரிய அறை. நீட்டு ஜன்னல்கள், சட்டத்தை மேலே தூக்கித் தடி முட்டுக்கொடுக்க வேண்டும். எதிரே நீதவான் மேடை, அப்பாவின் உயரம். மேடைக்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு மரக் கூரை. அதன் கீழ் கிளாக்கர் மேசை. பக்கத்தில் சாட்சிக் கூண்டு. மேடையை நேரே பார்த்தபடி குற்றவாளிக் கூண்டு. பின்னுக்குச் சனம் இருக்கிற வாங்குகள். நெருப்புப் போடுகிற அடுப்பு நீதவானுடைய அறைக்கு மட்டும்தான். மற்றவர்கள் நடுங்கிக்கொண்டுதான் தீர்ப்புக் கேட்டிருப்பார்கள்.

இந்த நாட்டுப் பூர்வீக மாவோரிச் சனத்தின் காணி வழக்குகளும் இங்கே நடந்தனவாம். அதைச் சொல்லும்போது சாவி அம்மா குரலைக் குறைத்தா. “எல்லாத் தீர்ப்பும் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்” என்றா. நான் தமிழில் சொன்னேன். பெரியவர்கள் மேடையை நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள்.

பிள்ளையாரை எங்கே வைப்பது என்று முதல் கிழமை ஒரு சண்டை. மேடைதான் உயரம். ஆனால் அது தெற்குப் பார்த்தது. “நீதவான் எந்தத் திக்கைப் பாத்தும் இருக்கலாம், பிள்ளையார் ஏலாது” என்று கிளாக்கர் மாமா முடித்துவிட்டார். பிள்ளையார் கீழே கிளாக்கர் மேசையில், பக்கச் சுவரைப் பார்த்தபடி கிழக்கு முகமாக இருந்தார். நீதவான் கதிரை காலி. அதில் கிளாக்கர் மாமா ஏறி இருந்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை, மேடைக்கு மேலே இருந்த இராசச் சின்னம். மரத்தில் செதுக்கி நிறம் பூசினது. ஒரு பக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை. மற்றப் பக்கம் சிங்கம்.

“இஞ்சையும் சிங்கமோ!” என்றார், எங்களைப்போல் சிங்கக் கொடி நாட்டிலிருந்து தப்பி வந்த ஒருவர். முழுச் சனமும் சிரித்தது. சிரித்துவிட்டு, பூசை நேரம் அதன் மேல் ஒரு பட்டுச் சேலையைப் போட்டு மூடினோம். ஏன் மூடுகிறீர்கள் என்று சாவி அம்மா கேட்டா. நான் அப்பாவைப் பார்த்தேன்.

“தூசி எண்டு சொல்லு” என்றார் அப்பா.

அடுத்த கிழமை சாவி அம்மா ஏணி வைத்து ஏறிச் சிங்கத்தைத் துடைத்து வைத்திருந்தா. பளபளவென்று இருந்தது. நாங்கள் பிறகும் மூடினோம். அவ பிறகு கேட்கவில்லை.

குற்றவாளிக் கூண்டு எங்களுக்குப் பிள்ளைத் தொட்டில். நெஞ்சளவு பலகை, மேலே குட்டை இரும்பு முள், ஒரு சின்னக் கதவு. உள்ளே பாயை விரித்துத் தவழுகிற பிள்ளைகளை எல்லாம் விட்டுவிடுவார்கள். முள்ளில் பால் போத்தல் பைகள் தொங்கும். “கள்ளரை எல்லாம் உள்ளுக்குப் போட்டாச்சு” என்று சொல்லிக்கொண்டு அம்மாமார் சமைக்கப் போவார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஆன்ட்டி ஒருவர், “என்னா லா, எல்லாரும் பெயில் கேட்டு அழுவுது” என்பார்.

அந்தக் கூண்டு இப்போது இல்லை. கட்டடத்தைப் புதுப்பித்தபோது கழற்றியிருக்கவேண்டும். இப்போது உள்ளே ஒரு கோப்பிக் கடை, அந்த இடத்தில் கோப்பி மெஷின் நிற்கிறது. கேட்டேன். அங்கே வேலை செய்கிற பிள்ளைக்குக் கூண்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

சின்னம்மாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. முந்தின வருடம் வந்தவர். என் அறையில்தான் படுத்தார். என் தலையை இழுத்துப் பின்னுவார், கண்ணில் தண்ணி வரும். கதை குறைவு. அகதியாக ஏற்கும்படி கேட்டிருந்தார். முதல் விசாரணையில் இல்லை என்றுவிட்டார்கள். காரணம், அவர் சொன்னதை நம்பமுடியாது என்பது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா அழுதா. சின்னம்மா அதற்கு அழவில்லை.

“பொய் சொல்லுறன் எண்டு நினைச்சுட்டினம், அக்கா” என்றார். சட்டி கழுவிக்கொண்டே சொன்னார். அதே சட்டியைத் திரும்பவும் கழுவினார்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் அப்பீல். அதுவும் தோற்றால் போகவேண்டியதுதான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

கிளாக்கர் மாமா கேள்விப்பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த வேலைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

“கோட்ஸ் விசயமோ? என்னட்டை விடும் பிள்ளை.”

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னம்மாவைப் பழக்க, ஒரு விசாரணை நடந்தது. கிளாக்கர் மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறுவார். சின்னம்மா சாட்சிக் கூண்டில் நிற்பார். அப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் வாங்கில். நாங்கள் தரையில்.

“அமைதி!” என்பார் மாமா. நாங்கள் சத்தமே போட்டிருக்கமாட்டோம்.

“நேரா நில்லும். கையைக் கட்டாதேயும். என்னைப் பாரும், ஆனால் முறைக்காதேயும். எப்ப வீட்டை விட்டு வெளிக்கிட்டனீர்?”

சின்னம்மா சொல்வார்.

“ஏன்?”

“ஆமி வந்தது. பிறகு…”

“நிப்பாட்டும்! ‘பிறகு’ எண்டு நான் கேட்டனானோ? கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் இல்லை. ஒரு சொல் கூடச் சொன்னால் அதிலை பிடிச்சுக் குறுக்குக் கேள்வி கேப்பினம். வாயால கெட்ட சாட்சியள் எத்தினை பேரை நான் கண்டனான்.”

“சரி அண்ணை.”

“‘சரி அண்ணை’ இல்லை. ‘ஓம், ஐயா.’”

அவர் கெட்டவர் இல்லை. அதை நான் திரும்பவும் சொல்லுவேன். விடிய வேலை, கை எல்லாம் வெடிப்பு. அந்தக் கையோடு அங்கே ஏறி இருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தார். சின்னம்மாவுடைய லோயர் அம்மா வேறு மாதிரிச் சொல்லியிருந்தா. அது நீதிமன்றம் மாதிரி இருக்காது, எல்லாவற்றையும் மனம் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்று போனில் என்னிடம் சொன்னா. நான் அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

“லோயர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்” என்றார். “விசாரணை எண்டால் விசாரணைதான். எந்த நாட்டிலையும்.”

அப்பா நம்பினார். அம்மா நம்பினா. நானும் நம்பினேன். இவ்வளவு பெரிய மேடையைப் பார்த்தால் வேறு எப்படி நினைப்பது?

சின்னம்மா நன்றாகத் தேறினார். கொஞ்ச நாளில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் வராது. “நல்லம், நல்லம்” என்று மாமா மேசையில் தட்டினார்.

ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. விசாரணைக்கு இடைவேளை விட்டு, ஆம்பிளைகள் மேடையில் ஏறித் தேத்தண்ணி குடித்தார்கள். அங்கேதான் ஒழுக்கு இல்லை. சின்னம்மா பிள்ளைகளோடு குற்றவாளிக் கூண்டுக்குள் இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கட்டடத்தின் ஒரு பக்கத்து அடிக்கட்டை இறங்கியிருந்ததால் அந்தச் சின்னக் கதவு தானாகவே ஆடிச் சாத்திக்கொள்ளும். அன்றைக்கும் சாத்தியது. வெளியிலிருந்த கொளுக்கி டக்கென்று விழுந்தது.

சின்னம்மா மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தார். பிள்ளை சிணுங்கியது.

“அதைத் திற பிள்ளை.”

நான் முள்ளுக்கு மேலால் கையை விட்டுக் கொளுக்கியைத் தூக்கினேன்.

“திறந்தே இருக்கட்டும்.”

“ஏன்?”

சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு, அதற்குச் சொல்வதுபோலச் சொன்னார். குரல் எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

“அங்கை ஒரு பள்ளிக்கூடம். ஆமி எடுத்து வைச்சிருந்தது. எங்களை ஒரு வகுப்பறையில விட்டு வெளியால பூட்டினவை. கரும்பலகையில பிள்ளையள் செய்த கணக்கு அப்பிடியே கிடந்தது. வகுத்தல் கணக்கு, பாதியில விட்டது. நான் அதைப் பாத்துப் பாத்துச் செய்வன்.”

“விடை வந்ததோ?”

“வரும். பிறகும் முதல்ல இருந்து செய்வன். பின்னேரம் எண்டால் கதவைத் திறப்பினம். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினம். விரலைக் காட்டுவினம். காட்டினால் எழும்பவேணும்.”

“உங்களைக் காட்டினவையோ?”

“ஓம்.”

சின்னம்மா பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டார்.

“என்னோடை அயல்வீட்டுப் பிள்ளையும் இருந்தவள். என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவை. அவளை விடேல்லை. தாய் என்னட்டை வந்து கேட்டவ. நான் காணேல்லை எண்டு சொன்னனான். தாய்க்குச் சொல்லாததை இஞ்சை முதல் விசாரிச்ச ஒபிசருக்கு எப்பிடிச் சொல்லுறது?”

எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. ஆனால் மேடையில் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆம்பிளைகள் எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாக்கர் மாமாவின் கையில் பாதி வடை.

அவ்வளவு தூரத்தில், அந்த மழைக்குள், அவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

பிறகு சாவி அம்மாதான் காரணம் சொன்னா. கூண்டுக்கு மேலே கூரைப் பலகையை வளைத்து அடித்திருந்தார்கள். முதல் நீதவானுக்குக் காது மந்தமாம். குற்றவாளிகள் வாய்க்குள் முணுமுணுப்பார்களாம். அதனால் கூண்டுக்குள் என்ன முணுமுணுத்தாலும் மேலே போய் வளைந்து மேடையில் இறங்குமாம். சாட்சிக் கூண்டுக்கு அது இல்லை. சாட்சி தானாகக் கத்திச் சொல்லும் என்று தச்சன் நினைத்தான்போல.

கிளாக்கர் மாமா இறங்கி வந்தார். கூண்டுக்கு வெளியே நின்றார்.

“பிள்ளை, இதை நீர் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லை, அண்ணை.”

அவர் இரும்பு முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைக்கக் கோட்டுப் பையில் கைலேஞ்சி தேடினார். கிடைக்கவில்லை. அப்பா தன்னுடையதைக் கொடுத்தார்.

“பிழையாப் படிப்பிச்சுப் போட்டன், ஐசே” என்றார் அப்பாவிடம்.

“இன்னும் நாள் இருக்கு” என்றார் அப்பா.

அடுத்த கிழமை சாப்பாடு முடிந்ததும் மாமா எழும்பினார். மேடைக்குப் போகவில்லை.

“ஆம்பிளையள் எல்லாரும் வெளியில. பிள்ளையளும். அக்கா, நீங்களும் என்ரை மனிசியும் உங்கடை தங்கச்சியோடை இருங்கோ. அவ சொல்லட்டும். என்ன வருதோ அதைச் சொல்லட்டும். இடையில ஒருத்தரும் ஒண்டும் கேக்கவேண்டாம்.”

“மழை பெய்யுதே” என்றார் ஒருவர்.

“பெய்யட்டும்.”

எல்லாரும் வெளி விறாந்தையில் தூண்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றோம். கிளாக்கர் மாமா கதவைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் நின்றார். கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. நீதவானாக இருந்தவர் இப்போது வாசல் பியோன் மாதிரி நின்றார்.

பின்னேரம் எங்களுக்குப் பிறகு டொங்காத் தீவுக்காரரின் கிறிஸ்தவச் சபை ஒன்று அதே இடத்தில் பாட்டுப் பழகும். அன்றைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள், தங்கள் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டி, கையில் பாட்டுப் புத்தகம். முன்னுக்கு வந்தவர் போதகர். கதவளவு உயரம் இருப்பார்.

“எங்கள் நேரம், நண்பரே” என்றார், சிரித்துக்கொண்டு.

கிளாக்கர் மாமா அவருடைய நெஞ்சளவுதான். கையை விரித்தார்.

“கோட்ஸ் நடக்குது” என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார், ஆனால் என் காதில் தமிழாகத்தான் நிற்கிறது.

போதகர் சிரித்தார். பகிடி என்று நினைத்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. அம்மாவாகத்தான் இருக்கவேண்டும், சின்னம்மா சத்தமாக அழுகிறவர் இல்லை. போதகர் திரும்பித் தன் சனத்துக்கு ஏதோ சொன்னார். எல்லாரும் மழைக்குள், படியில், ரோட்டோரத்தில் நின்றார்கள். விறாந்தையில் இடமில்லை. கிழவிகளுக்கு நாங்கள் இடம் விட்டோம்.

கன நேரம். யாரோ ஒருவர் தொண்டைக்குள் மெல்லப் பாடத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சத்தமில்லாமல், வாய் மூடினபடி பாடுகிற மாதிரி. நான் சாய்ந்து நின்ற தூண் கோறை என்று சொன்னேனே. அந்தப் பாட்டு அதற்குள் இரைந்தது. முதுகில் தெரிந்தது.

கதவு திறந்தபோது சின்னம்மா முன்னுக்கு வந்தார். வெளியே நிற்கிற சனத்தைக் கண்டு திடுக்கிட்டார்.

“இது ஆர் இவ்வளவு பேர்?”

“மற்றக் கேஸ்காரர்” என்றார் கிளாக்கர் மாமா.

சின்னம்மா சிரித்தார். அந்தக் குளிரில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

விசாரணை நாள் அப்பா வேலைக்கு லீவு போட்டார். நகரத்துக்குள், லிஃப்டில் ஏறிப் போகிற கந்தோர். எனக்குப் பள்ளிக்கூடம், ஆனால் கூட்டிப் போனார்கள். கிளாக்கர் மாமா கோட்டோடு வந்தார். மொழிபெயர்க்கத் தன்னைக் கேட்பார்கள் என்று கொஞ்சம் நம்பியிருந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு தமிழ்நாட்டு அம்மா இருந்தா. மாமாவை உள்ளே விடவில்லை. காத்திருக்கிற கதிரையில் நேராக நிமிர்ந்து இருந்தார். யாராவது நடந்து போனால் எழும்பி நின்றார்.

காலையில் போன சின்னம்மா பின்னேரம்தான் வெளியே வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அப்பா தண்ணி கொடுத்தார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “மேடை எப்பிடி?”

“மேடை இல்லை, அண்ணை. ஒரு மேசை. அதில ஒரு பொம்பிளை. எனக்குச் சரி நேரா இருந்தவ.”

“உயரத்தில இல்லையோ?”

“இல்லை. பக்கத்தில கடதாசிக் கைலேஞ்சிப் பெட்டி. கீழ கம்பளம்.”

மாமாவுக்கு அது பெரிய ஏமாற்றம். “கம்பளமோ…” என்றார். கொஞ்சம் கழித்து, “சொன்னீரோ?” என்றார்.

“எல்லாம் சொன்னன். அந்த மொழிபெயர்க்கிற அம்மா, ‘நிதானமா பேசுங்கம்மா, அவசரமே இல்ல’ எண்டவ. அவவின்ரை பேச்சு எனக்குப் பிடிச்சுது.”

அதற்குப் பிறகு கிளாக்கர் மாமா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

முடிவு வரக் கன நாள் ஆனது. கார் ஒன்று வாசலில் நின்றால் சின்னம்மா அடுப்பை நூர்த்துவிட்டு நிற்பார். போன் அடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

அது வந்தது பள்ளிக்கூட விடுமுறையில். அம்மாவும் அப்பாவும் வேலையில். நானும் சின்னம்மாவும் மட்டும். நான்தான் எடுத்தேன். லோயர் அம்மா. என்னிடம் முதலில் சுகம் கேட்டா. பிறகு சொன்னா.

“சின்னம்மா, இருக்கலாமாம்.”

சின்னம்மா அசையவில்லை. கையில் உரித்த வெங்காயம்.

“சின்னம்மா, வென்றாச்சு. இனிப் போகத் தேவையில்லையாம்.”

“நம்பினவையோ எண்டு கேள்.”

“என்ன?”

“நான் சொன்னதை நம்பினவையோ எண்டு கேள் பிள்ளை.”

நான் கேட்டேன். லோயர் அம்மா மெல்லச் சொன்னா. நான் சின்னம்மாவிடம் திருப்பிச் சொன்னேன்.

“ஓமாம். ஒண்டு விடாமல் எல்லாத்தையும் நம்பினவையாம்.”

சின்னம்மா அப்படியே குசினித் தரையில் இருந்துவிட்டார். வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறிவு எனக்கு அப்போது வந்திருந்தது.

பின்னேரம் அம்மா வந்து கட்டிப்பிடித்துக் கத்தினா. கிளாக்கர் மாமாவுக்குப் போன் போனது. அப்பா வந்தார். கேட்டார். தலையாட்டினார். முகம் கழுவப் போனார், கன நேரம் கழுவினார். வெளியே வந்ததும் சின்னம்மா அவர் முன்னால் நின்றார்.

“அத்தான், கடை பூட்டமுதல் ஒருக்கா ஒடாஹுஹுவுக்குப் போவமோ?”

“என்ன வாங்க?”

“சப்பாத்து.”

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் சின்னம்மாவின் காலைப் பார்த்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ரப்பர்ச் செருப்போடுதான் திரிந்தார். மழைக்கும் அதுதான், பனிக்கும் அதுதான். ஊர்ப் பழக்கம் விடமாட்டாள் என்று அம்மா சிரிப்பா. நாங்களும் சிரிப்போம்.

“ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று அம்மா கேட்டா.

“அனுப்பினால் அங்கை எனக்கு என்னத்துக்கு அக்கா குளிர்ச் சப்பாத்து?”

எல்லாரும் ஒரே காரில் போனோம். கடைக்காரர் பூட்ட வெளிக்கிட்டவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப லைட்டைப் போட்டார். சின்னம்மா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைக்குள் நடந்தார். திரும்பி நடந்தார். கடைசியில் மண்ணிற, உள்ளே பஞ்சு வைத்த சோடி ஒன்று. போட்டபடியே வருகிறேன் என்றார். பழைய செருப்பைக் கடைக்காரர் குப்பையில் போட்டார்.

வாசலுக்கு வந்தோம். வெளியே மழை கொட்டியது. கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

சின்னம்மா மழையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். குனிந்து சப்பாத்து இரண்டையும் கழற்றினார். சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, தண்ணியை அடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.